இரண்டு ராஜாக்களுக்கு ஒரு பலாப்பழம்

நாடகத்தில் காசியம்மாளுக்குத் தீவு வேஷம்.

அந்தத் தீவின் பெயர் சைப்ரஸ். முன்னொரு காலத்தில் பைசாந்தியப் பேரரசரும் அரபு ராஜாவும் அதற்காகச் சண்டை போட்டார்கள். பிறகு, தீவை வெட்டிப் பிரிக்காமல், வரியை மட்டும் சரிபாதியாக எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். அது ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் நீடித்தது. கல்வராயன் மலைப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு அதையே நாடகமாக்கினார் கிறிஸ்துதாஸ் வாத்தியார்.

பச்சமுத்து பேரரசர், சடையன் அரபு ராஜா. கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று இருவர் வீட்டுக்கும் பல வருடத் தகராறு. அது சின்ன விஷயமா என்ன?

விழா அன்று காலை ஒத்திகை. தீவு இரண்டு தட்டுகளில் பலாச்சுளையை வரியாகக் கொடுக்க வேண்டும்.

"எனக்குத்தான் மொதல்ல. எங்கப்பா முன்னாடி வரிசையில குந்தியிருப்பாரு" என்றான் பச்சமுத்து.

"எங்கப்பா இன்னா, மரத்து மேலயா குந்தியிருப்பாரு?" என்றான் சடையன்.

காசியம்மாள் இரண்டு தட்டுகளையும் ஒரே நேரத்தில் நீட்டினாள்.

சடையன் பின்வாங்கினான். "எனக்குப் பீச்சாங்கையாலயா குடுக்கற?"

கைகளைக் குறுக்காக மாற்றி நீட்டினாள். இப்போது இடது கை பச்சமுத்துவின் பக்கம் வந்தது. அவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வாத்தியார் தலைப்பாகைகளைப் பெட்டியில் போட்டு மூடினார். "மத்தியானத்துக்குள்ள ஒத்துப்போங்க. இல்லன்னா நாடகம் வேணாம்."

 தீவைச் சுற்றிய கடலுக்காகக் காசியம்மாளின் அம்மா தன் ஒரே நீலப் புடவையைக் கொடுத்திருந்தாள். இன்று கூலி வேலைக்குக்கூடப் போகாமல் பார்க்க வருகிறாள்.

சற்று யோசித்தவள், வெட்டாத பலாப்பழம் ஒன்றைப் பெரிய தாம்பாளத்தில் வைத்து, மூச்சு வாங்கத் தூக்கி வந்தாள்.

"தீவை வெட்டலதானே? பழத்தையும் வெட்ட வேணாம். நான் ரெண்டு கையாலயும் குடுக்கறேன். ஆளுக்கொரு பக்கம் புடிங்க."

"யாரு மொதல்ல புடிக்கறது?"

"யாரு லேட்டா புடிக்கறீங்களோ, அவங்க காலு மேல வுழும்."

இரு ராஜாக்களும் பழத்தைப் பார்த்தார்கள். பிறகு தங்கள் கால்களைப் பார்த்தார்கள். பெட்டி மறுபடி திறந்தது.

மாலையில் மேடையில் தாம்பாளத்தை இருவரும் ஒன்றாக வாங்கினார்கள். பச்சமுத்துவின் தலைப்பாகை சரிந்து கண்ணை மறைத்தது. கையை எடுக்க வழியில்லை.

"மெதுவா வாடா, படி இருக்குது" என்று முணுமுணுத்தான் சடையன்.

"நீ வுட்றாத."

"வுட மாட்டேன், வா."

முன்வரிசையில் இருந்த அப்பாக்கள் இருவரும் எழுந்து நின்றார்கள். அவர்களில் யார் முதலில் கைதட்டினார் என்பது யாருக்கும் தெரியவில்லை. தீவுக்கு மட்டும் தெரியும்; அது நீலப் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு, கடைசிவரை சொல்லவே இல்லை.