எதிர்பார்த்த பயன் இல்லை

இரவு வேலைக்குக் கிளம்புமுன், மாலை நான்கு மணிக்குப் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சாத்தப்பனுக்குச் சதுரங்கம் மறந்துபோனது.

குதிரை எப்படி நகரும் என்று யோசித்துப் பார்த்தான். குதிரை என்று ஒரு காய் உண்டு என்பது வரைக்கும்தான் வந்தது. கண்ணாடியின் ஓரத்தில் பச்சை எழுத்தில் ஒரு வரி ஒளிர்ந்தது: ‘திருப்புதல் முடிந்தது. முழுத்தொகையும் உங்கள் கணக்கில் சேர்க்கப்பட்டது.’ அவன் வாயைக் கொப்பளித்துத் துப்பினான். தொட்டி அந்த நீரை ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சிக்கொண்டது. போன வாரம்தான் குழாய்ப் பிரிவின் சதுரங்கப் போட்டியில் முதல் பரிசு வாங்கியிருந்தான். கோப்பை அலமாரியில் இருந்தது. அது போதும் அவனுக்கு.

நிலவின் தென்முனையில், தரைக்கு நாற்பது மீட்டர் அடியில் இருந்த அந்தக் குடியிருப்பில் ஒன்பதாயிரம் பேர் வசித்தார்கள். அநேகமாக எல்லாருடைய வாழ்க்கையும் இப்படித்தான் ஓடியது. காதுக்குப் பின்னால் பதித்த நினைவுச்சில்லில் ஒரு செயலியை இறக்கினால், அரை மணி நேரத்தில் அந்தத் திறமை கைக்கு வந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் பதினான்கு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஆரம்ப காலத்தில் மக்கள் செயலியை இறக்கி, ஜப்பானிய மொழியைக் கற்று, தேர்வு எழுதி, வேலையும் வாங்கிக்கொண்டு, பிறகு காசைத் திரும்பக் கேட்டார்கள். நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. அதன் பிறகு வந்ததுதான் ‘பயன்மீட்பு’ச் சட்டம். வாங்கியவருக்குப் பணம் திரும்ப வேண்டுமென்றால், விற்றவருக்குப் பயன் திரும்ப வேண்டும். செயலி போகும்போது அது கற்றுக்கொடுத்ததும் போகும். அந்தத் திறமையோடு பின்னிப்போன ஞாபகங்கள் சிலவும் கூடவே போகும். ‘மிகச் சிறிய அளவில்’ என்று ஒப்பந்தத்தின் அறுபத்திரண்டாம் பக்கத்தில் போட்டிருந்தது.

யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறந்துபோனது என்ன என்று தெரிந்தால்தானே வருத்தப்பட முடியும்? மாறாக, எதையும் தவறாமல் திருப்புவதற்கென்றே ஒரு குட்டி நிரலை எல்லாரும் சில்லில் வைத்திருந்தார்கள். அதன் பெயரே ‘திருப்பி’. நாள் கணக்கு வைத்துக்கொண்டு, பதின்மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்கு அது தானாகவே செயலியைத் திருப்பிவிடும். காரணம் கேட்கும் கட்டத்தில் முதலில் இருப்பதைத் தொட்டுவிடும். முதலில் இருந்த காரணம், ‘எதிர்பார்த்த பயன் இல்லை.’

சாத்தப்பன் ‘விரல்மொழி’யை வாங்கியது பள்ளிக்கூடத்தின் தொல்லை தாங்காமல்தான்.

அவனுடைய மகள் தேனம்மைக்கு எட்டு வயது. இரண்டு வயதில் ஒரு காற்றழுத்த விபத்தில் அவளோடு சேர்த்துப் பதினேழு குழந்தைகளுக்குச் செவி போயிற்று. பதினெட்டு வயதாகும் முன் சில்லு பதிக்க முடியாது. அந்தக் குழந்தைகளும் ஜெசிந்தா என்ற ஆசிரியையும் சேர்ந்து, ஐந்தாறு வருடங்களில் தங்களுக்கென்று ஒரு கைமொழியை உண்டாக்கிக்கொண்டார்கள். அதைத்தான் ஒரு நிறுவனம் ‘விரல்மொழி’ என்று செயலியாக்கி விற்றது. சாத்தப்பனின் மனைவி உமையாளுக்கு அது நன்றாக வரும். மகள் என்ன சொல்கிறாள் என்பதை அவள்தான் அவனுக்குச் சொல்லுவாள். எட்டு மாதத்துக்கு முன் உமையாள் மூன்று வருட ஒப்பந்தத்தில் செவ்வாய்க்குப் போய்விட்டாள். அதன் பிறகு அப்பனும் மகளும் சாப்பாட்டுத் தட்டைக் காட்டியும் படுக்கையைக் காட்டியும் குடும்பம் நடத்தினார்கள்.

“பெற்றோர் நாளன்னிக்கு ஒவ்வொருத்தரும் பத்து நிமிஷம் பிள்ளையோட பேசணும் சார். வகுப்புக்கு முன்னாடி” என்றாள் ஜெசிந்தா. “நீங்க மட்டும்தான் இன்னும் பாக்கி.”

“சரிங்க மிஸ், இறக்கிடறேன். பதினாலு நாள் இருக்குல்ல” என்றான் அவன்.

இறக்கிய மாலை அவன் வீட்டுக்குள் நுழைந்து, விரல்களை அசைத்து, “சாப்பிட்டியா?” என்று கேட்டான். தேனம்மை கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டாள். கொஞ்ச நேரம் அவன் விரல்களையே பார்த்தாள். பிறகு ஆரம்பித்தவள், இரண்டு மணி நேரம் நிறுத்தவில்லை.

எட்டு வருடமாக அமைதியான பிள்ளை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தவள் ஒரு வாயாடி. அவளுக்குக் கணக்கு பிடிக்காது, கேரட் பிடிக்காது, பர்வீன்தான் உயிர்த்தோழி. ஜெசிந்தா மிஸ் கோபம் வந்தால் விரலைக் குழப்பிக்கொண்டு தப்புத் தப்பாகப் பேசுவாள். வகுப்பில் எல்லாப் பெற்றோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவனுடைய பெயர், மூக்கைப் பிடித்துத் திருகுவது. குழாய் வேலை செய்கிறவன், நிலவுத் தூசியால் எப்போதும் மூக்கு ஒழுகுகிறவன். ‘ஒழுகும் குழாய்.’ அதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. “பெத்த அப்பச்சியைப் போய் இப்படிச் சொல்லலாமா?” என்று கையால் கேட்டான். “நீ பேசவே இல்லையே. நான் எப்படிக் கேட்டுட்டு வைக்கிறது?” என்றாள்.

பெற்றோர் நாள் முடிந்த பிறகும் அவன் தினமும் வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு ஓடினான்.

“இந்தத் தடவை வச்சுக்கப் போறேன்டா” என்றான், கூட வேலை பார்க்கும் முத்துராக்குவிடம்.

“எதை? செயலியையா? யாருண்ணே வச்சுக்குவா?” முத்துராக்குவுக்குப் புரியவேயில்லை. “இப்பத் திருப்பிட்டு, அறுபது நாள் கழிச்சு மறுபடி எடுத்துக்கோங்க. எம் பொண்டாட்டி நாலு வருஷமா அப்படித்தான் சமைக்கிறா.”

பத்தாம் நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தேனம்மை சொன்னாள்: “வகுப்புல சுவர் இருமுது.”

“எந்தச் சுவர்?”

“நாங்க கதை படிக்கிற மூலை. இரண்டாவது மணி விளக்கு எரியும்போது. நான் முதுகு சாய்ச்சு உட்காருவேன். மூணு தடவை இருமும். பர்வீனுக்கும் தெரியும்.”

மறுநாள் மதிய இடைவேளையில் அவன் பள்ளிக்கூடம் போய், தேனம்மை பார்த்துக்கொண்டிருக்க, அந்த மூலையில் உள்ளங்கையைச் சுவரில் பதித்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து நின்றான். சில்லென்று இருந்தது. அசைவில்லை. ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் பழைய அழுத்தக்குழாய் ஒன்று போவது அவனுக்குத் தெரியும். பிரிவில் இருந்த ஒரே அதிர்வுமானி பழுது பார்க்கப் போயிருந்தது. வியாழக்கிழமைதான் வரும்.

“வியாழக்கிழமை கருவி கொண்டுவந்து வச்சுப் பாக்கறேன்” என்று மகளிடம் சொன்னான். “அதுவரைக்கும் மிஸ்கிட்ட சொல்லாதே. மத்த பிள்ளைங்க பயந்துடும்.”

“நிச்சயமா வருவியா?”

“நிச்சயமா.”

அவள் பர்வீனிடமும் சொல்லி வைத்தாள். இரண்டு பேரும் யாரிடமும் வாய் திறக்கவில்லை, அதாவது கை திறக்கவில்லை.

புதன்கிழமை பதின்மூன்றாம் நாள். அன்று ஆறாம் சுரங்கத்தில் கசிவு. சாத்தப்பன் காலையிலிருந்து ஒரு குழாய்க்குள் குப்புறப் படுத்து வேலை செய்தான். கண்ணோரத்தில் ‘வைத்துக்கொள்ளவா?’ என்று அந்தத் திருப்பி நிரல் ஒரு தடவை கேட்டது. பிறகு இன்னொரு தடவை. ஒரு நாளைக்கு நூறு அறிவிப்பு வரும், நூறையும் இமையால் தட்டிவிடுவதுதான் எல்லாருக்கும் வழக்கம். அவனும் தட்டிவிட்டான். மூன்றாவது தடவை கேட்டபோது கண்ணில் வியர்வை இறங்கியிருந்தது. நான்கு மணிக்குப் பச்சை எழுத்தில் ஒரு வரி வந்தது. அதையும் தட்டிவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் தேனம்மை ஓடி வந்து கைகளை ஆட்டினாள். பிள்ளை என்னவோ விளையாடுகிறது என்று நினைத்தான். தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுத் தட்டைக் காட்டினான். அவள் மறுபடி ஆட்டினாள். அவன் சிரித்தான். வேலையில் களைத்துப் போயிருக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை அதிர்வுமானி வந்தது. சாத்தப்பன்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினான். வாங்கிக் கொக்கியில் மாட்டினான். அன்று முழுவதும் எங்கேயோ போக வேண்டும் என்று ஓர் உறுத்தல் இருந்தது. சாப்பிட்டதும் அதுவும் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு அந்தச் சுவர் வெடித்தது.

காற்றடைப்புக் கதவு நான்கு விநாடியில் தானாக இறங்கிவிடும். அந்த நான்கு விநாடிக்குள் ஜெசிந்தா கைக்கு அகப்பட்ட பிள்ளைகளை இழுத்து வெளியே தள்ளினாள். பதினான்கு பேர் வெளியே வந்துவிட்டார்கள். மூன்று பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். பர்வீன் அவர்களில் ஒருத்தி. கதவில் ஒரு சிறிய கண்ணாடி இருந்தது. தேனம்மை அதன் முன்னால்தான் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பர்வீன் ஏதோ சொன்னாள். அது என்ன என்பதைத் தேனம்மை இன்று வரை யாருக்கும் சொல்லவில்லை.

விசாரணை மூன்றாம் நாள் நடந்தது. நாச்சியார் என்ற அதிகாரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். தேனம்மை கைகளால் சொன்னதை ஜெசிந்தா வாயால் சொன்னாள். சுவர் இருமியது. அப்பச்சியிடம் சொன்னேன். வியாழக்கிழமை வருகிறேன் என்றார். யாரிடமும் சொல்லாதே என்றார்.

சாத்தப்பன் எழுந்து நின்றான்.

“இல்லீங்க மேடம். எம் பொண்ணு எங்கிட்ட எதுவும் சொல்லலை. அவ கைபேச்சு எனக்குத் தெரியவே தெரியாது. அவங்க ஆத்தாவுக்குத்தான் தெரியும்.”

மேசைமேல் இருந்த மெய்காட்டியின் கோடு அசையாமல் பச்சையில் நின்றது. அவன் பொய் சொல்லவில்லை. ஜெசிந்தா அதைக் கைகளால் தேனம்மைக்குச் சொன்னாள். தேனம்மை தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

நாச்சியார் தன் முன்னால் இருந்த பதிவைப் புரட்டினாள்.

“விரல்மொழின்னு ஒரு செயலி. பதின்மூணு நாள் வச்சிருந்திருக்கீங்களே?”

“ஆமாங்க. பள்ளிக்கூடத்துக்காக வாங்கினேன். வாங்கினது ஞாபகம் இருக்கு. திருப்பிட்டேன்.”

“காரணம், எதிர்பார்த்த பயன் இல்லைன்னு போட்டிருக்கு.”

“பயன் எதுவும் இருந்த மாதிரி ஞாபகம் இல்லீங்க” என்றான் அவன், மனதார.

தேனம்மை மெதுவாக எழுந்தாள். சுவரருகே போய் உள்ளங்கையை அதில் பதித்துக்கொண்டு நின்றாள். அவன் அன்று நின்றது போலவே, தலையை ஒரு பக்கம் சாய்த்து.

அது மட்டும் சாத்தப்பனிடம் மிஞ்சியிருந்தது. ஒரு மதியம் ஏதோ ஒரு சுவரில் கைவைத்து நின்றதும், உள்ளங்கை சில்லிட்டதும். ஏன் நின்றோம், எந்தச் சுவர் என்பது தெரியாமல் சில நாளாக அந்த ஞாபகம் அவனுக்குள் அநாதையாகத் திரிந்துகொண்டிருந்தது. நாற்காலியைத் தேடிப் பின்னால் கையை நீட்டினான். நாற்காலி அங்கே இல்லை.

நிறுவனம் சட்டப்படி நடந்திருக்கிறது, வாடிக்கையாளருக்கு முழுத்தொகையும் கிடைத்திருக்கிறது என்று அறிக்கை முடிந்தது. யார்மேலும் குற்றமில்லை.

ஆனால் ஊர் கலங்கிப்போயிருந்தது. மூன்று குழந்தைகளின் படங்களும் எல்லா நடைபாதைகளிலும் ஒளிர்ந்தன. இனி ஒரு பிள்ளையின் சொல்கூட நம் காதில் விழாமல் போகக்கூடாது என்று யாரோ எழுதினார்கள். இரண்டே நாளில் ஆறாயிரத்துச் சொச்சம் பேர் விரல்மொழியை இறக்கினார்கள்.

பதினான்கு குழந்தைகளும் வகுப்பை விட்டு வெளியே வந்தபோது, குடியிருப்பே அவர்களோடு பேசியது. மருந்துக்கடைக்காரர் பேசினார். மின்தூக்கியில் ஏறியவர்கள் பேசினார்கள். தேனம்மை ஒருவர் விடாமல் எல்லாரிடமும் பர்வீனைப் பற்றிச் சொன்னாள். பர்வீன் எப்படி நடப்பாள், எதற்குச் சிரிப்பாள், இருவரும் சண்டை போட்ட அந்த ஒரே நாள். கேட்டவர்கள் அழுதார்கள். அவளைக் கட்டிக்கொண்டார்கள். முத்துராக்குகூட, “உங்க அப்பச்சி பாவம்மா” என்று கையால் சொன்னான். சாத்தப்பனால் மட்டும் பேச முடியவில்லை. அறுபது நாள் முடியும் வரை அந்தச் செயலி அவனுக்குத் திறக்காது. மகள் ஊரோடு பேசுவதைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.

பதின்மூன்றாம் நாள் மாலை உணவகத்தில் தேனம்மை வரிசையில் நின்றிருந்தாள். பரிமாறும் பெண் தட்டில் கேரட்டை வைக்கப் போனாள். வேண்டாம் என்று தேனம்மை கையசைத்தாள். பர்வீன் இருந்தால் தன் பங்கையும் அவளே தின்றுவிடுவாள் என்றாள். அந்தப் பெண் கண் கலங்கி, கரண்டியை வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கி, “உன் சிநேகிதி...” என்று ஆரம்பித்தாள்.

மணி நான்கு ஆயிற்று.

கைகள் காற்றில் நின்றன. அந்தப் பெண் தன் விரல்களை ஒரு கணம் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு தேனம்மையைப் பார்த்து அன்பாகச் சிரித்து, தட்டில் கேரட்டை வைத்தாள். தேனம்மை திரும்பிப் பார்த்தாள். உணவகம் முழுவதும் கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. மறுநாள் வாங்கியவர்கள் மறுநாள் மறந்தார்கள். கடையின் கணக்குப்படி, வைத்துக்கொண்டவர்கள் பதினொரு பேர். நடைபாதைகளில் அந்த மூன்று முகங்களைப் பார்த்து, யார் இந்தப் பிள்ளைகள், தெரிந்த முகமாக இருக்கிறதே என்று சிலர் யோசித்தபடி போனார்கள்.

அறுபத்தோராம் நாள் சாத்தப்பன் முதலில் திருப்பியைச் சில்லிலிருந்து அழித்தான். பிறகு திருப்ப முடியாத, ஆயுள் முழுவதற்குமான விரல்மொழியை முழு விலை கொடுத்து வாங்கினான். ஒப்பந்தத்தின் நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் உட்கார்ந்து படித்தான். படித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

தேனம்மை அறையின் நடுவில், எந்தச் சுவரிலும் சாயாமல் உட்கார்ந்திருந்தாள். கைகள் இரண்டும் சட்டைப்பைக்குள் இருந்தன. உணவகத்து நாளுக்குப் பிறகு வகுப்பிலும் அவள் அதிகம் பேசுவதில்லை என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள்.

அவன் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

“தேனம்மை, அப்பச்சிக்குப் பேச வந்துடுச்சு” என்றான். “நீ சொன்னியாம். நான் வரேன்னு சொன்னேனாம். எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. எல்லாத்தையும் மறுபடி சொல்றியா? எவ்வளவு நேரமானாலும் கேக்கறேன்.”

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களையே வெகு நேரம் பார்த்தாள். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து, கடைக்காரரிடம் விலை கேட்பது போல, கோபமில்லாமல் கேட்டாள்:

“எத்தனை நாளைக்கு?”