திக்கிய மழை

"திக்காதேடா! திக்கித் திக்கி என் மானத்தை வாங்காதே!"

மேசையைத் தட்டி அவள் கத்தியது மடிக்கணினியில் தடுமாறி ஓடிய தன் கேமைப் பார்த்துத்தான். ஆனால் அதே நொடியில்தான் பக்கத்து மேசைக்காரன் அவளிடம், "இ... இந்த ப்ளக்கை நான்..." என்று ஆரம்பித்திருந்தான். வார்த்தை பாதியில் நின்றது. பெரிய, அமைதியான கண்கள்... அவை அப்படியே தாழ்ந்துபோயின. ஒயரைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட்டான்.

ஐயோ! பாவம், அவனுக்கு நிஜமாகவே திக்குவாய்!

அவளுக்கு உயிரே போய்விட்டது. வீட்டில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர்; அந்த ஓயாத வாய் இன்று ஒரு மனிதனைக் குத்திவிட்டது. மன்னிப்புக் கேட்கலாமென்றால் கால் எழவில்லை. கேம் உருவாக்கும் போட்டியின் நடுவர்கள் முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள். வாசலில் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். "இன்னைக்கு உன் கேம் ஒழுங்கா ஓடலைன்னா, நாளையிலேர்ந்து என் கடையில வந்து உட்காரு" என்று சொல்லியிருந்தான். சொன்னால் செய்கிறவன்.

ஸ்கிரிப்ட் வகைக் கணினி மொழியில் எழுதினால் கேம் மெதுவாகத்தான் ஓடும் என்று ஊரே எச்சரித்தது. கேட்டாளா? திரையில் ஒரு சிறுமி குடையில்லாமல் ஓடுகிறாள். மழை வரும்வரை அழகு. வந்ததும் ஓர் அடி, ஒரு நிறுத்தம்... ஓர் அடி, ஒரு நிறுத்தம்...

புரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு விழித்தாள். ஜன்னலுக்கு வெளியே நிஜ மழை மட்டும் தங்குதடையில்லாமல் கொட்டியது.

"ம... ம..."

நிமிர்ந்தாள். அவன்தான்! முகத்தில் கோபம் போகவில்லை, ஆனாலும் வந்திருந்தான். 'மழையா?' என்று முடித்துவைக்க அவள் நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ம... மழைதான் பிரச்சினை." அவன் விரல் ஒரு வரியைத் தொட்டது. "ஒவ்வொரு து... துளி வரையும்போதும் அதோட படத்தை டிஸ்க்லேர்ந்து புதுசா தி... திறக்குறீங்க. ஆரம்பத்துல ஒரே தடவை திறந்து வ... வச்சுக்கோங்க. எல்லாத் துளிக்கும் அதுவே போதும்."

அடக் கடவுளே, இவ்வளவுதானா? அவள் அந்த வரியைத் தூக்கி மேலே வைத்த கையோடு நடுவர்கள் வந்து நின்றார்கள். கேமை ஓடவிட்டாள்.

மழை வந்தது... சிறுமி ஓடினாள்... நிற்கவே இல்லை!

அண்ணன் கட்டிய கையைப் பிரித்தான். "பொழைச்சே ரேடியோ, கடைக்கு வரவேண்டாம்."

திரும்பிப் பார்த்தால் பக்கத்து மேசை காலி. கதவருகே அவன் குடையை விரித்துக்கொண்டிருந்தான். ஓடினாள்.

"நில்லுங்க! நான் திட்டினது கேமை... சத்தியமா உங்களை இல்ல!"

"தெ... தெரியும். புரோகிராமைப் பார்த்ததும் புரிஞ்சுடுச்சு." சிரித்தான். "நானா இருந்தா இன்னும் மோசமா தி... திட்டியிருப்பேன்."

சிரித்தபடியே படியிறங்கினான். போயே விட்டால்? பெயர்கூடத் தெரியாதே! நடுவர்கள் முன்னால்கூட அவள் இப்படிப் பயந்ததில்லை.

"எ... எனக்கு... உங்களை... பி..."

ரேடியோ நின்றுபோனது. காது மடல் வரை சுட்டது.

அவன் திரும்பி வந்தான். குடையை மடக்கினான். அந்தக் கண்கள் இப்போது தாழவில்லை.

"மெ... மெதுவா சொல்லுங்க. நான் எங்கேயும் போ... போகலை."

"பிடிச்சிருக்கு" என்று அவள் சொல்லி முடிக்கும்வரை, அவன் ஓர் எழுத்துகூட எடுத்துக் கொடுக்கவில்லை.