மாப்பிள்ளைக்கு நடு நாற்காலி

இதனால் அகில உலகத்துக்கும் அறிவிக்கப்படுவது: கரமனையில் ஆற்றங்கரையோரம் இருபத்தெட்டு வீடுகள் கொண்ட எங்கள் தெரு, தனக்கும் வரலாறு உண்டென்று கண்டுபிடித்துவிட்டது. பழைய புகைப்படங்களைத் திரட்டித் தெருச் சங்கம் கண்காட்சி வைக்கிறது; சிறந்த படத்துக்குப் பரிசும் உண்டு. சங்கத் தலைவர் என் மைத்துனன் வெங்கடேஸ்வரன். "எங்க அத்தை போனப்புறம் குடும்ப வீடு காலியாக் கிடக்கு, அத்திம்பேர். வந்து இருங்கோ" என்று நான்கு மாதம் முன்பு என்னையும் என் மனைவி சுப்ரியாவையும் திருநெல்வேலியிலிருந்து அழைத்து வந்தவனும் அவன்தான். அடுத்த வீடு அவனுடையது. நடுவில் ஒரே பொதுச்சுவர்.

படங்களுக்குக் குறிப்பு எழுதும் மகத்தான பொறுப்பு என் தலையில் விழுந்தது. மழை பெய்த ஒரு பிற்பகலில் கூடத்தில் உட்கார்ந்து உறைகளைப் பிரித்தேன். பூசணம் பிடித்த அட்டையின் வாடை. அதற்கும் அடியில், ஆற்றுச் சேற்றின் வாடை.

எங்கள் வாசலில் எடுத்தவை மூன்று. 1936, 1959, 1984. மூன்றிலும் நடு நாற்காலியில் அந்தக் காலத்து மாப்பிள்ளை, வெளியூர்க்காரர், மரியாதையின் கனம் தாங்காமல் விறைத்திருந்தார். குடும்பம் அவரைவிட்டு ஒரு கை தூரம் தள்ளி நின்றது.

அவருக்குப் பின்னால் ஒரு பெண். முகத்தை மூடிய ஈரக் கூந்தல். அவள் கை அவருடைய இடது தோளில். சட்டையில் அந்த இடம் மட்டும் நனைந்திருந்தது.

மூன்று படத்திலும் அதே பெண்.

திருப்பிப் பார்த்தேன். பென்சிலில் மாப்பிள்ளையின் பெயர், படமெடுத்த நாள், இறந்த நாள். யாரும் நாற்பது நாளைத் தாண்டவில்லை.

எதிர்வீட்டு பாகீரதி மாமி தன் பங்குப் படங்களோடு வந்தாள். "இது யார் மாமி?" என்றேன்.

மாமி குரலைத் தாழ்த்தினாள். "சுப்ரியா சொல்லலையா? இந்த ஆத்துக்கு மாப்பிள்ளை ஒருத்தர் வந்தாப் போரும், மத்தவாளைத் தொடமாட்டா, கேட்டேளா. வீடு காலியானா சுவரைத் தாண்டி அடுத்தாத்துக்குப் போயிடுவா. நீங்க வர்றதுக்கு முன்னால, சித்திரை வெயில்லகூட வெங்கடேஸ்வரன் சட்டைத் தோள் காயலை. பாவம்."

பாவம் என்றது அவனைத்தான்.

அந்த மழை நாளுக்கு முந்தின ஞாயிறு சங்கம் எங்களையும் வாசலில் நிறுத்திப் படமெடுத்தது. "நடு நாற்காலி அத்திம்பேருக்காக்கும்!" என்று வெங்கடேஸ்வரன் என்னை உட்காரவைத்தான். தெருவுக்கு ஆளின் தரம் தெரிகிறதே என்று நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

போனில் அந்தப் படத்தைத் திறந்தேன்.

சுப்ரியா ஒரு கை தூரம் தள்ளி நிற்கிறாள்.

என் பின்னால் ஈரக் கூந்தல்.

நிமிர்ந்தால், சமையலறை வாசலில் சுப்ரியா. முப்பது வருட மனைவி.

"உனக்குத் தெரியுமா?"

புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள்.

"எனக்கு ஒரே தம்பியாக்கும்" என்றாள்.

அன்றே தம்பானூரில் ஒரு லாட்ஜுக்கு வந்துவிட்டேன். மூன்றாவது மாடி, கூரை ஒழுகவில்லை. சட்டையை மாற்றினேன். மறுபடி மாற்றினேன். மூன்றாவது சட்டையும் இடது தோளில் நனைந்தது.

படமெடுத்து இன்றோடு முப்பத்தெட்டு நாள்.

எங்கள் படத்துக்குச் சங்கம் முதல் பரிசு கொடுத்திருக்கிறது. வாங்கிக்கொள்ள சுப்ரியா தனியாகத்தான் போனாள்.