தவளைகளுக்குப் பழகியவள்

கணவன் கொல்லைக் கதவைத் திறந்து, கொடியில் கிடந்த துணிகளை எடுக்கக் குளத்தோரமாக நடந்து போனான். தவளைகள் கத்துவதை நிறுத்தவில்லை.

சமையலறை ஜன்னலருகே கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள். அவன் செருப்பு ஈரப் புல்லைச் சளக் சளக்கென்று மிதிக்கிறது. துணிக் கவ்விகள் ஒவ்வொன்றாகக் கூடையில் விழுகின்றன. அதற்கடியில், எந்தத் தடங்கலும் இல்லாமல், தவளைகளின் சத்தம் கொதிக்கும் பானைபோல ஓடிக்கொண்டே இருந்தது.

அப்படி இருக்கக் கூடாது. பழகாத ஆள் வந்தால் தவளைகள் அடங்கிவிடும். குளம் என்று சொல்வதே அதிகம். தார்ப்பாய் விரித்து, கருங்கல் அடுக்கி, ஒரு மூலையில் அல்லி நட்ட பள்ளம். தவளைகளை யாரும் கொண்டுவந்து விடவில்லை. முதல் மழைக்குத் தாமாக வந்தன. பிரம்பு நாற்காலியில், பழுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, மூச்சைக்கூட அளந்து விட்டபடி அவள் எத்தனையோ மாலைகள் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் அவள் வந்து உட்கார்ந்தபோது அவை நிறுத்தாமல் கத்தின. அன்றைக்கு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. யாரோ தன்னை வீட்டு மனுஷியாக ஒத்துக்கொண்டதுபோல.

அவன் ஒருநாளும் அங்கே உட்கார்ந்ததில்லை. தவளை என்றாலே உடம்பு கூசுகிறது என்பான்.

"நீங்க குளத்துப் பக்கம் போய் உக்கார்றதுண்டா?" என்று அவன் உள்ளே வந்ததும் கேட்டாள்.

"நானா? உன் பொறந்த வீட்டு ஆளுங்களோட எனக்கு என்ன பேச்சு?"

"பொறந்த வீட்டு ஆளு நான் ஒருத்தி இங்க உக்காந்திருக்கேன் தம்பி," என்றாள் அக்கா, கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி. "என்னை அந்த வழவழப்போட சேர்க்காதீங்க."

மூவரும் சிரித்தார்கள். அவளும்தான்.

வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட அக்கா, எலும்பு கூடும்வரை தங்கை வீட்டில் இருக்கட்டும் என்று வந்திருந்தாள். அம்மா போன பிறகு அவளைத் தலைசீவி வளர்த்தவள் அக்காதான். இன்னும் அவளைச் 'சுண்டெலி' என்றுதான் கூப்பிடுவாள். ஆள் வந்த நேரம்தான் சரியில்லை. காது மருத்துவமனையில் உடன் வேலை செய்பவள் பிரசவ விடுப்பில் போய்விட, மாலை நேர வேலை இவள் தலையில் விழுந்திருந்தது. கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, "சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ஒலியைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கும் வேலை. ஒன்றுமே கேட்காதவர்கள் அவள் உதட்டைப் பார்ப்பார்கள். தலையை லேசாகச் சாய்த்து, மரியாதையான ஒரு குழப்பத்தோடு. நாள் முழுக்க அந்த முகங்கள். வீடு திரும்பும்போது இருட்டியிருக்கும். சாப்பிட்டுப் படுத்துவிடுவாள்.

அதன் பிறகு சின்னச் சின்னதாகக் கண்ணில் பட ஆரம்பித்தன. ஆணியில் மாட்டியிருந்த பழுப்புச் சால்வை நனைந்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். பாசியும் பழைய இலையும் ஊறிய நாற்றம். பல நாளாக அவள் உட்காராத பிரம்பு நாற்காலியின் நடுவில் ஆள் உட்கார்ந்து தொய்ந்ததுபோல் புதிதாக ஓர் ஈரப் பள்ளம்.

"நீ சொன்ன மாதிரியே செஞ்சிடலாம்," என்றான் கணவன் ஒரு காலையில், சவரம் செய்துகொண்டே.

"என்ன சொன்னேன்?"

"வேலையை விட்டுட்டு வீட்லயே இருந்துடறேன்னு. நேத்து சாயங்காலம்..."

கண்ணாடியில் அவன் கண் அவள் கண்ணைச் சந்தித்தது. கத்தி கன்னத்தில் நின்றது. "இல்ல. வேற யாரோ சொன்னது. ஆபீஸ்ல."

அதைவிட மோசம், அன்று அக்கா கோப்பையில் மிஞ்சிய தேநீரைக் கொட்டக் குளத்தின் விளிம்புவரை போனது. சின்ன வயதில் தவளை குதித்தால் கட்டில்மேல் ஏறி நின்று அலறியவள். மழை மூட்டத்தில் காலையிலேயே கத்திக்கொண்டிருந்த தவளைகள் அவளுக்காகவும் நிறுத்தவில்லை. தெரிந்தவள் வந்தாள், போனாள் என்பதுபோல.

அப்படியென்றால் இரண்டு பேரும் அங்கே உட்காருகிறார்கள். தான் இல்லாத மாலைகளில். சேர்ந்து. அசையாமல். நெடுநேரம்.

அதற்கு மேல் நினைக்க அவளுக்குக் கூசியது. பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நினைப்பு தானே வந்தது. அக்காவின் சிரிப்பு. அவன் புதிதாகப் போட ஆரம்பித்திருக்கும் வெள்ளைச் சட்டை. தன் சால்வையையா போர்த்திக்கொள்கிறாள்? அதைத்தான் மனம் திரும்பத் திரும்பக் கேட்டது. என் சால்வையையா? கண்ணாடி அறையில் ஒரு பெரியவர் பொறுமையாகக் காத்திருக்க, ஒலியை அனுப்ப மறந்துபோய் உட்கார்ந்திருந்தாள். தலைவலி என்று சொல்லிவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினாள்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. வாசல் பக்கம் போகாமல், சுவருக்கும் வேலிக்கும் இடையே உள்ள சந்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். சுவரிலிருந்து ஈரச் சுண்ணாம்பு வாசம். ஓட்டிலிருந்து சொட்டும் நீர் கழுத்தில் விழுந்து முதுகில் இறங்கியது. குளத்திலிருந்து வந்த சத்தம் காதில் விழுவதுபோல் இல்லை, பல்லில் அதிர்வதுபோல் இருந்தது. அவ்வளவு தவளைகள் அந்தப் பள்ளத்தில் இருக்க முடியாது. சத்தத்துக்கு நடுவே பேச்சு.

"எங்க சுண்டெலி இப்படித்தான் இருந்தா," அக்காவின் குரல். "என் மடியில தலையை வச்சுக்கிட்டு, இந்த மச்சத்தைத் தடவிக் கொடுத்தாத்தான் தூங்குவா. அப்புறம் எங்கதான் போனாளோ."

அவள் கை தாடைக்கு அடியில் இருந்த மிளகளவு மச்சத்துக்குப் போனது. என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பாவம், அக்கா. என்ன நினைத்துவிட்டேன்! நெஞ்சில் ஏதோ இளகி, அக்காவின் மடியில் போய் விழ வேண்டும்போல் இருந்தது.

"நான் பேசறதை நீ முழுசா கேட்க இத்தனை வருஷம் ஆயிருக்கு," என்றான் கணவன். அப்படியொரு இதமான குரலை அவள் கேட்டு எவ்வளவோ காலமாயிற்று.

"ம்," என்றது இன்னொரு குரல்.

அது அவளுடைய 'ம்'.

அவள் வாயைத் திறக்கவில்லை. உதடு ஒட்டியிருந்தது.

"அவ வர்ற நேரமாச்சு தம்பி."

"வரட்டுமே. வருவா, சாப்பிடுவா, தூங்குவா. இங்க எட்டிக்கூடப் பார்க்க மாட்டா."

"தெரிஞ்சா?"

"தெரியாது. இவளை விட்டுட்டு இனிமே என்னால இருக்க முடியாது. உங்களால முடியுமா?"

தண்ணீரில் ஏதோ புரண்டது.

"முடியாது," என்றாள் அக்கா.

சந்தின் முனையில் சுவர் முடிந்தது. அவள் வெளியே காலை வைத்தாள்.

தவளைகள் அடங்கின.

ஒன்றுகூட மிச்சமில்லை. ஓட்டுநீர் சொட்டுவது மட்டும்.

மங்கிய வெளிச்சத்தில் மூன்று தலைகள் திரும்பின. கருங்கல்மேல் கணவன். எதிரே அக்கா. நடுவில் பிரம்பு நாற்காலி. அதில் பழுப்புச் சால்வை. சால்வைக்குள் அவள் தோள். அவள் முகம். அவள் தலையைச் சாய்க்கும் அதே சாய்வு. நனைந்த கூந்தலிலிருந்து நீர் நாற்காலியில் ஒழுகி, காலடியில் குட்டையாகி, குளத்தோடு சேர்ந்திருந்தது. அக்காவின் கட்டுப்போட்ட கை அதன் மடியில் கிடந்தது.

பயமில்லாமல், தோள்மேல், முழங்கால்மேல், புறங்கைமேல் தவளைகள். எல்லாம் இவளையே பார்த்துக்கொண்டு.

"என்னங்க," என்றாள். சொன்னாள். உதடு அசைந்ததை உணர்ந்தாள். தொண்டையிலிருந்து எதுவும் வரவில்லை. "அக்கா. நான்தான்."

கணவன் அவள் உதட்டைப் பார்த்தான். தலையை லேசாகச் சாய்த்தான். அந்த மரியாதையான குழப்பம்.

பிறகு நாற்காலியின் பக்கம் திரும்பினான்.

"அசையாதே," என்று ரகசியமாகச் சொன்னான். அக்காவிடமும் கையமர்த்தினான். "அசையாம இருந்தா அது போயிடும்."

மூவரும் அசையவில்லை. கல்போல. மூச்சை அளந்து விட்டுக்கொண்டு. அவள் இந்த வீட்டுக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை அது.

அவளும் நின்றாள். அவளுக்கும் அந்த வித்தை தெரியும். பொறுத்தால் பழகிவிடும். அசையாமல் நின்றால் ஏற்றுக்கொள்ளும். நின்றாள். கால் மரத்தது. வெளிச்சம் வடிந்தது. ஒரு தவளையும் வாய் திறக்கவில்லை.

நாற்காலியில் இருந்தவளின் கண் மட்டும் மெல்ல மூடித் திறந்தது. கீழிமை மேலே ஏறி.

பிறகு தாடைக்கு அடியில் தோல் தளர்ந்தது. உப்பியது. மேலும் உப்பியது. வெளுத்து, மெலிந்து, நரம்பு தெரிய, முகத்தைவிடப் பெரிதாக. அதன் நடுவில் மிளகளவு மச்சம் இழுபட்டு இழுபட்டு உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது.

அது ஒரு முறை கூப்பிட்டது.

குளம் முழுக்கப் பதில் சொன்னது. அக்கா கண்களை மூடிக்கொண்டு, நல்ல கையால் அந்த மச்சத்தைத் தடவிக் கொடுக்க ஆரம்பித்தாள்.