இணைக்காத ஸ்பீக்கர்

ஸ்பீக்கரின் இரண்டாவது கம்பியை இன்னும் பற்றவைக்கவே இல்லை. அதற்குள் அது செருமியது.

சிப்பக்கா சாலிடரிங் அயர்னை அந்தரத்தில் நிறுத்தினாள். பொம்மை ரயில் பைத்தியங்கள் அவளுக்கு வைத்த பெயர் அது. உள்ளங்கையில் அடங்கும் எஞ்சினின் வயிற்றைத் திறந்து, நிஜ எஞ்சினைப் போல உறுமுகிற, ஊதுகிற சிப்பை வைத்துக் கொடுப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. எத்தனையோ எஞ்சின்களுக்குக் குரல் கொடுத்தவள். இணைப்பு இல்லாமல் எதுவும் செருமியதில்லை.

கை பட்டிருக்கும், என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இந்த எஞ்சினின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். அவருடைய நிலவறையில், நான்கு சுவரையும் ஒட்டி ஓடிய அகலமான மேசைமேல் தண்டவாளங்கள், மலைகள், சுரங்கங்கள், விரல்நுனி உயர மனிதர்கள். தூசி படியாமலிருக்க மேசையின் உள்விளிம்பில் கூரைவரை தடித்த கண்ணாடி. கைவிட்டு வண்டியை எடுக்க மட்டும் ஒரு சின்னத் திறப்பு. நடுவே ஓர் ஆள் நிற்கும் குழி. வாசல் பக்கம் மேசைக்கடியில் இருந்த பலகைக் கதவு வழியே தவழ்ந்துதான் அதற்குள் வர முடியும்; அவளும் அப்படித்தான் வந்திருந்தாள். டாக்டரின் தம்பி இதே குழியில் நின்று வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது இரைப்பு முற்றிச் செத்துப்போனவர். அவர் கடைசியாகப் பதிந்து வைத்த எஞ்சின் சத்தத்தைத்தான் சிப்பில் ஏற்றச் சொல்லியிருந்தார் டாக்டர். தன் வீட்டிலேயே ஏற்றிக் கேட்டும் பார்த்துவிட்டாள். சாதாரண டீசல் எஞ்சின்.

"என்னம்மா, ஆச்சா?" மேசைக்கு அடுத்த பக்கம், வாசல் படியோரம் நின்றவரின் குரல் கண்ணாடி வழியே மங்கலாக வந்தது.

"இதோ சார், ஒரு கம்பிதான் பாக்கி."

பற்றவைத்தாள். மூடியைப் பொருத்தி எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். அடிவயிற்றிலிருந்து கிளம்புவதுபோல உறுமல் எழுந்து, மேசைப் பலகையெல்லாம் அதிர, உருகிய ஈயத்தின் புகைநெடியோடு கலந்து குழியை நிறைத்தது. எஞ்சின் மலையைச் சுற்றி வளைந்து, சுரங்கத்துக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளிவந்தபோது, அந்த இரைச்சலுக்கு அடியில் இன்னோர் இரைப்பு கேட்டது. நெஞ்சில் சளி கட்டியவன் இழுக்கிற மூச்சு.

"அவன்தான்," என்றார் டாக்டர். 

அவள் மின்சாரத்தை நிறுத்தினாள்.

எஞ்சின் நின்றது. உறுமல் நின்றது.

மூச்சு நிற்கவில்லை.

மேசைக்கடியில் ஏதோ சாத்தும் சத்தம் கேட்டது; தாழ் விழுந்தது.

"சார், என்ன அது?"

"பலகையை மூடினேம்மா. தூசி அவனுக்கு ஆகாது."

"திறங்க சார். நான் வெளிய வரணும்."

"இரும்மா. அவன் கொஞ்சம் ஆற அமர மூச்சு விடட்டும்."

தவழ்ந்து போய்ப் பலகையை உதைத்தாள். அசையவில்லை. எழுந்து கண்ணாடியைக் குத்தினாள். விரல்முட்டிதான் வலித்தது. எஞ்சினை எடுத்து மூடியைப் பிய்த்தாள். ஸ்பீக்கரின் இரண்டு கம்பிகளையும் வெட்டினாள். உள்ளங்கையில் அது தனியாகக் கிடந்தது. வெதுவெதுப்பாக.

அதன் மெல்லிய சவ்வு எழுந்தது. தாழ்ந்தது.

எழுந்தது.

அவள் நெஞ்சும் எழுந்தது.

கீழே போட நினைத்தாள். விரல்கள் பிரியவில்லை. மூச்சை அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. வேகமாக இழுக்கப் பார்த்தாள். அதுவும் முடியவில்லை. அது இழுத்தபோது இழுத்தாள். அது விட்டபோது விட்டாள்.

பிறகு சவ்வு அடங்கியது. அசைவே இல்லை. விரல்கள் தாமாகப் பிரிந்து ஸ்பீக்கர் கீழே விழுந்தது.

அவள் நெஞ்சு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இரைந்துகொண்டு.

டாக்டர் கண்ணாடியருகே குனிந்தார். அவளைத்தான் பார்த்தார். ஆனால் பேசியது அவளிடம் இல்லை.

"இப்ப எப்படிடா இருக்கு?"

அவள் பல்லைக் கடித்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள்.

விரல்களுக்கு இடையில், கட்டைக் குரலில், வாய் பேசியது.

"பரவால்லண்ணே."