மாதுளை நிறக் காரின் டிக்கியில்...

ரொட்டியின் மேல் ஆணை! இதில் ஒரு வரி பொய் என்றாலும் அந்த ரொட்டியே என்னை அடிக்கட்டும். எங்கள் அல்மாத்தி நகரத்தில் இதற்கு மேல் சத்தியம் கிடையாது. நீதிமன்றத்தில்கூட இவ்வளவு கேட்பதில்லை.

டமால்!

டிக்கி மூடியது.

உள்ளே ஓரின்பாசர்.

வெளியே அவருடைய சாவி, அவருடைய செல்போன்... மற்றும் பட்டப்பகல்.

"டேய்! விளையாடாதே! திற!"

சரளைக்கல்லில் காலடிச் சத்தம் முன்பக்கமாக நகர்ந்தது. டிரைவர் கதவு திறந்து மூடியது.

'தப்...'

பஞ்சுக்குள் பொதிந்த மாதிரி கனமான சத்தம். ஓரின்பாசருக்கு உயிரே அந்தச் சத்தம்தான். சற்று முன்புவரை கார் சந்தையில் நின்று, வந்தவன் போனவனுக்கெல்லாம் அந்தக் கதவை மூடித் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்.

"கேட்டியா தம்பி? மத்த காரெல்லாம் தகர டப்பா. இது பெட்டகம்!"

பெட்டகம்தான். இப்போது அதற்குள் அவர்.

என்ன நடந்தது?

ஆட்டுத்தோல் காலர் வைத்த கோட்டில் ஒரு இளைஞன் வந்தான். பெயர் எலமான் என்றான். காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். மாதுளை நிறத்தைத் தடவினான். வட்டமான காற்றுத் துவாரங்களைத் திருகினான். தோல் சீட்டின் தையலை விரலால் பின்தொடர்ந்தான். ஓரின்பாசருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. ரசிகன்!

"சின்ன உடம்புக்குள்ள பெரிய கார் அண்ணே. ராஜா வீட்டுக் குட்டி மாதிரி இருக்கு. ஆனா..."

"என்ன ஆனா?"

"டிக்கிதான் சின்னது. ஒரு தலகாணி வைக்கலாம். ரெண்டாவது தலகாணிக்கு இன்னொரு கார் வேணும்."

"சின்னதா? நான் படுப்பேன்டா இதுல!"

"சும்மா சொல்லாதீங்க அண்ணே. உங்க தொந்திக்கு..."

தொந்தி என்றதும் ஓரின்பாசருக்கு ரோஷம் வந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏறிப் படுத்தார். முழங்காலை மடக்கினார். நிரூபித்தார்.

டமால்!

இதுதான் நடந்தது.

கார் புறப்பட்டது. இன்ஜின் பூனை மாதிரி உறுமியது. திருட்டுப் பயல் கியர் மாற்றுவதில் குறை சொல்ல முடியவில்லை.

டிக்கிக்குள் இருந்தபடியே திறக்க ஒரு பச்சைக் கைப்பிடி உண்டு. ஓரின்பாசர் இருட்டில் துழாவினார். கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? உள்விரிப்பின் அழகைக் கெடுக்கிறது என்று போன மாதம் அவரேதான் அதைக் கழற்றி எறிந்தார்!

அப்போது...

ட்ரிங்... ட்ரிங்...

அவர் போன். முன் சீட்டு நடுவே கோப்பைக் குழியில் கிடக்கிறது. காரோடு இணைக்கப்பட்ட போன். பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பெரிய ஸ்பீக்கர், சரியாக ஓரின்பாசரின் இடது காதில் அலறியது.

"ஏங்க, வித்தாச்சா?"

குல்ஷாரா! மனைவி!

"வித்தாச்சு அண்ணி," என்றது எலமானின் குரல். தேன் ஒழுகியது. "நான்தான் வாங்கினேன்."

"நீ நல்லா இருப்பே தம்பி! அந்தச் சனியன் தொலைஞ்சுதே! முன்னாடி உக்காந்தா மகாராணி. பின்னாடி உக்காந்தா முட்டி மூக்குல இடிக்குது. அழகாம் அழகு! அவரு எங்க?"

"பின்னாடி சௌகரியமா படுத்திருக்காரு."

"குல்ஷாரா! கடத்தறான்டீ! போலீஸைக் கூப்பிடு!" ஓரின்பாசர் தொண்டை கிழியக் கத்தினார். கைகால்களால் இடித்தார்.

குல்ஷாராவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெளிச்சத்தத்தை வடிகட்டிப் பேசுபவர் குரலை மட்டும் அனுப்பும் உயர்தர மைக். அதற்கென்றே கூடுதலாகக் கொடுத்து வாங்கியிருந்தார்.

"தூங்கட்டும் தம்பி, பாவம். எழுப்பாதே," என்றாள் குல்ஷாரா. வைத்துவிட்டாள்.

பின் சீட்டின் நடுவே பனிச்சறுக்குக் கட்டை நீட்டுவதற்கு ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அது திறந்தது. ஒரு கை உள்ளே நீண்டது. கையில் உப்புத் தயிர்க்கட்டி.

"சாப்பிடுங்க அண்ணே. தூரம் போகணும்."

"எங்கடா கொண்டு போறே?"

"கப்சகாய் ஏரிக்கரை. துலெகென்னு ஒரு கிழவரு. குதிரை வளர்க்கிறவரு. அவருக்கு வண்டி வேணுமாம்."

"என்னை இறக்கி விட்டுடு!"

"இறக்கி விட்டா நேரா போலீஸுக்குப் போவீங்க. டிக்கி பழுதுன்னு சொல்லி கிழவர் தலையில உங்களையும் சேர்த்துக் கட்டிட்டுப் போயிடறேன். வாயைத் திறக்காம இருந்தா நாளைக்கே அவரு மெக்கானிக்கை வச்சுத் திறப்பாரு. வாயைத் திறந்தீங்க..."

நிறுத்தினான்.

"ஏரியில பனி இன்னும் சரியா கெட்டியாகலை அண்ணே. கார் போகும்... திரும்பாது!"

ஜன்னல் மூடியது.

ஓரின்பாசர் தயிர்க்கட்டியை வாயில் போட்டுக்கொண்டார். சாகும்போது வெறும் வயிற்றோடு எதற்கு?

கார் நின்றது. இன்ஜின் அணைந்தது.

காற்று. எங்கோ புகையில் வாட்டிய மீனின் வாசனை. அப்புறம் ஒரு கரகரத்த கிழக்குரல்.

"இதுதானா? இன்னும் வளருமா?"

"ஐயா, இது சின்ன ரக சொகுசு கார். வெளியில சின்னது. உள்ள அரண்மனை!"

"அரண்மனையில எத்தனை ஆடு நிக்கும்?"

"ஆடு ஏத்த இல்லைய்யா..."

"அப்ப எதுக்குப்பா இது?"

துலெகென் காரைச் சுற்றி வந்தார். குதிரை வாங்குகிறவர் எப்படி வருவாரோ அப்படி. விலாவில் தட்டினார். குனிந்து கால்களைப் பார்த்தார்.

"வாயைத் திற. பல்லைப் பார்க்கணும்."

எலமான் பானெட்டைத் திறந்தான்.

"ம்... பல்லு இருக்கு. மூஞ்சிதான் சரியில்ல. எதையோ முழுங்கின தவளை மாதிரி. பின்பக்கம் பார்த்தா முட்டை போட இடம் தேடற கோழி."

டிக்கிக்குள் ஓரின்பாசர் தொப்பியைக் கடித்துக்கொண்டார். தவளையா? அந்த முகப்பை வரைந்தவனுக்குக் கோயிலே கட்டலாம்!

கதவு திறந்தது. சீட்டு முனகியது.

"இந்தப் பலகை என்ன? மரம் மாதிரி வண்ணம் அடிச்ச பிளாஸ்டிக்கா?"

"ஆமாய்யா, பிளாஸ்டிக்தான்," என்றான் எலமான். பேரத்தைச் சீக்கிரம் முடிக்கிற அவசரம் அவனுக்கு.

ஓரின்பாசரின் தொப்பியில் ஓட்டை விழுந்தது.

"சரி, சொல்றேன் கேளு. கிழட்டுப் பெட்டைக் குதிரை ஒண்ணு இருக்கு. ஒரு கண்ணு தெரியாது. அதைப் பிடிச்சுக்கோ. வண்டியை விட்டுட்டுப் போ."

"சரிங்கய்யா!"

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, படுபாவி!

துலெகென் கடைசியாக ஒரு முறை, குதிரையின் பிட்டத்தைத் தட்டுகிற பாணியில், டிக்கியின் மேல் ரெண்டு தட்டு தட்டினார்.

உயிரா... காரின் மானமா?

ஏரி. பனி. ஆழம். ஓரின்பாசர் எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

"ஒத்தைக்கண்ணு குதிரையாய்யா? அது அசல் வால்நட் மரம்யா! பிளாஸ்டிக்காம் பிளாஸ்டிக்!"

தட்டின கையைத் துலெகென் டிக்கி மேலேயே வைத்துக்கொண்டார்.

"தம்பி," என்றார் துலெகென் மெதுவாக. "டிக்கி பேசுது."

"பு... புது வசதிய்யா. இப்ப வர்ற காரெல்லாம் பேசும்."

"அப்படியா! எது கேட்டாலும் சொல்லுமா?" கிழவர் குனிந்தார். டிக்கியில் காது வைத்தார். "ஏம்மா, உன்னை எங்கயாவது இடிச்சிருக்காங்களா?"

"ஒரு கீறல் கிடையாது!" என்றது டிக்கி.

"பெட்ரோல் எப்படி? நிறையக் குடிப்பியா?"

"ஊருக்குள்ளன்னா கொஞ்சம் குடிக்கும். நெடுஞ்சாலையில ஒழுங்கு!"

"உண்மையைப் பேசுதே! விக்கிறவன் வாயில இப்படி வராது. சரி, கடைசியா ஒண்ணு. உன்கிட்ட என்ன குறை?"

"இவன் ஒரு திருடன்கிறதுதான் குறை! நான் மனுஷன்யா! இது என் கார்! திறந்து விடுய்யா!"

எலமான் ஓட்டமெடுத்தான். ரெண்டடிகூடப் போகவில்லை. நாற்பது வருஷம் முரட்டுக் குதிரைகளைப் பிடித்த கை அவன் காலரைப் பிடித்தது. இன்னொரு கை அவன் பையிலிருந்த சாவியை எடுத்து அழுத்தியது.

டிக்கி மெல்ல, கௌரவமாக, தானாக எழும்பியது. அந்த நிலைமையிலும் ஓரின்பாசர் அதை ரசித்தார்.

மடங்கிக் கிடந்தவரைத் துலெகென் எட்டிப் பார்த்தார். கை கொடுத்துத் தூக்கவில்லை. முதலில் கேட்க வேண்டியதை முதலில் கேட்டார்.

"எந்தக் குலம்பா நீ?"

"சாரிதெரெக் குலம்... முதல்ல தூக்குங்கய்யா, முட்டி செத்துப்போச்சு!"

தூக்கினார். ஓரின்பாசர் நிமிர்ந்தார். எலும்புகள் ஒவ்வொன்றாக இடத்துக்கு வந்தன. விரல்கள் முஷ்டியாகச் சேர்ந்தன. எலமானின் மூக்கைக் குறி பார்த்து ஓங்கினார்...

"மாமா! அடிக்காதீங்க! கை நடுக்கம் வந்துடும்!"

முஷ்டி அந்தரத்தில் நின்றது.

"என்னடா சொன்னே?"

"எங்கம்மா சாரிதெரெக் பொண்ணு! நான் உங்க மருமகன்! சகோதரி மகன்!"

ஓரின்பாசரின் முகம் வெளுத்தது. குலத்துப் பெண்ணின் மகன் அந்தக் குலத்துக்கே சகோதரி மகன்; அவனை அடித்தவன் கை ஆயுசுக்கும் நடுங்கும். அது மட்டுமா? குல வழக்கப்படி, தாய்வீட்டுக் குலத்தாரிடம் அவன் மூன்று தடவை எது கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது. குதிரையோ, கோட்டோ... காரோ!

"பொய்! உசிருக்குப் பயந்து புளுகறான்!"

"சொல்லட்டும்," என்றார் துலெகென். "அம்மா வழி ஏழு தலைமுறையையும் சொல்லட்டும். திருடன் எதை வேணாலும் திருடலாம். அதைத் திருட முடியாது."

எலமான் கண்ணை மூடிக்கொண்டான். "எங்கம்மா கன்ஷாயிம். அவங்க அப்பா பைமென். அவரோட அப்பா ஜோல்பாரிஸ். அவரோட அப்பா தோக்தார்..."

"எந்தத் தோக்தார்?"

"நொண்டித் தோக்தார். ஓநாயைக் கையால பிடிச்சவரு."

ஓரின்பாசர் பனியில் உட்கார்ந்துவிட்டார். நொண்டித் தோக்தார் அவருடைய சொந்தக் கொள்ளுத்தாத்தா!

டிக்கியிலாவது ஒரு ஜன்னல் இருந்தது. இதில் அதுகூட இல்லை.

"மாமா," என்றான் எலமான், காலரைச் சரிசெய்துகொண்டு, புதுமாப்பிள்ளை மாதிரி. "கேக்குறேன். அந்த மாதுளை நிறக் காரு... எனக்கு வேணும்."

"முடியாதுடா!"

"முடியாதுன்னு சொல்லக்கூடாதுப்பா," என்றார் துலெகென் வருத்தத்தோடு. "குலத்துக்கு ஆகாது. ஊர் சிரிக்கும். உன் பிள்ளைக்குப் பொண்ணு கிடைக்காது."

ஓரின்பாசர் காரைப் பார்த்தார். வெயிலில் அதன் தோள் வளைவு பளபளத்தது. ஒரு கோடுகூட வீண் இல்லை. பேராசை இல்லாத உடம்பு. அதன் விலை அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும்.

"எ... எடுத்துக்கோ," என்றார்.

எலமான் சாவிக்குக் கை நீட்டினான்.

துலெகென் சாவியைக் கொடுக்கவில்லை.

"அவசரப்படாதே தம்பி. எங்கம்மா யாருன்னு நீ கேக்கலையே?"

"உ... உங்கம்மா யாருய்யா?"

"நொண்டித் தோக்தாரோட கடைசித் தங்கச்சி!" கிழவர் மார்பில் கை வைத்து, ஏழு தலைமுறையையும் பிசகாமல் ஒப்பித்தார். "முறையா கேட்டா நானும் இந்தக் குலத்துக்கு மருமகன்தான். உன்னைவிட மூத்த மருமகன். மூத்தவன் கேட்ட பிறகுதான் இளையவன் கேக்கணும். மாமா!"

எழுபது வயது, ஐம்பது வயதை மாமா என்று கூப்பிட்டது!

"இத்தனை நேரம் ஏன்யா சொல்லலை?" என்று அலறினார் ஓரின்பாசர்.

"அந்த முட்டாள் குதிரைக்கே ஒத்துக்கிட்டானே! குதிரையில முடியற விஷயத்துக்குச் சொந்தத்தைச் செலவு பண்ணுவாங்களா? மாமா, அந்தத் தவளை எனக்குப் பிடிச்சுப்போச்சு. குடுத்துடுங்க."

"இது அநியாயம்! இது திருட்டு!" என்று கத்தினான் எலமான்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் துலெகென். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஓரின்பாசர் தலையாட்டினார். வேறென்ன செய்வது?

"சந்தோஷம் மாமா. ஆச்சு, எனக்கு ஒண்ணு முடிஞ்சுது. இன்னும் ரெண்டு பாக்கி." கிழவரின் பார்வை ஓரின்பாசரின் நரித்தோல் தொப்பியில் போய் நின்றது. "உங்க வீடு எந்தப் பக்கம்?"

"எனக்கு மூணும் அப்படியே இருக்கு மாமா!" என்றான் எலமான். அவன் பார்வை பூட்ஸில் இருந்தது.

ரெண்டு மருமகன்களும் ஒரு அடி முன்னால் வந்தார்கள்.

ஓரின்பாசர் ஒரு அடி பின்னால் போனார். இன்னொரு அடி. பின்னங்கால் காரில் இடித்தது.

அடுத்து நடந்ததை ஏரிக்கரையில் மீன் விற்றவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஓரின்பாசர் தொப்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தானாகவே டிக்கிக்குள் ஏறினார். முழங்காலை மடக்கினார். மூடியை உள்ளே இருந்து இழுத்துக்கொண்டார்.

டமால்!

"மாமா! மாமா!" துலெகென் தட்டினார்.

"மாமா செத்துட்டாரு!" என்றது டிக்கி. "சொத்து எல்லாம் அத்தை பேர்ல!"

மறுபடியும் சொல்கிறேன், அத்தனையும் சத்தியம். ஓரின்பாசர் மட்டும் பிறந்ததிலிருந்து பஸ்ஸில்தான் போகிறார். கார் என்று ஒன்றை அவர் வாங்கியதே இல்லை.