ஒற்றை விரல்

"லோர்ன், நாலாவது பெட்டிய எப்படா மாட்டுன?"

எதிரே வந்து கடந்துபோன லாரியிலிருந்து நோலீன் ரேடியோவில் கேட்டபோது லோர்னுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவன் லாரி ரயில்போலக் கோத்து இழுத்துப்போவது மூன்று சரக்குப் பெட்டிகள். காலையில் தன் கையாலேயே கொக்கி மாட்டியவை.

"கண்ணு டாக்டரப் பாரு, நோலீன். மூணுதான்."

"எனக்கு எண்ணத் தெரியாதாக்கும்! மூணுக்குப் பின்னாடி வெள்ளையா ஒண்ணு வருதுடா. பார்த்துப் போ."

கண்ணாடியில் செம்புழுதி மட்டுமே தெரிந்தது. ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் இந்தத் தனாமி மண்சாலையில் இரண்டாம் பெட்டிக்கு அப்பால் எவனும் கண்ணால் பார்த்ததில்லை. பின்பாரத்தை முதுகுதான் சொல்லும். இன்று முதுகு கூடுதலாக ஏதோ சொன்னது. எங்கோ சங்கிலி உரசுவதுபோல ஓர் ஓசை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது, ஏசி வழியாக டீசல் நெடியோடு கெட்டுப்போன இறைச்சியின் வாடையும் வந்தது, எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. நாற்பத்தாறு டிகிரி வெயில். இங்கே வண்டியை இழந்தவன் ஒரு பகல் தாங்கமாட்டான்.

வெள்ளை என்ற சொல் அவனை விடவில்லை. போன திங்கட்கிழமை, இதே சாலையில், முன்மூடி திறந்த வெள்ளைக் காரருகே ஒருவன் கையைத் தூக்கினான். இந்தப் பக்கத்தில் யார் கை தூக்கினாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலை உயர்த்துவதுதான் வணக்கம். லோர்னும் பழக்கதோஷத்தில் விரலைத் தூக்கிவிட்டுப் போய்விட்டான். பத்து கிலோமீட்டர் தாண்டித்தான் உறைத்தது, அது வணக்கமல்ல, கெஞ்சல் என்று. நூறு டன் பாரத்தை அங்கே எப்படித் திருப்புவது? பின்னால் வருகிறவன் நிற்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். ரேடியோவிலாவது சொல்லியிருக்கலாம். வெட்கப்பட்டுக்கொண்டு அதையும் சொல்லவில்லை.

முள் சிவப்பைத் தொட்டது. நிறுத்தியே ஆக வேண்டும். கொதிக்கும் எஞ்சினைச் சட்டென்று அணைக்கக் கூடாது என்பதால் ஓடவிட்டே இறங்கினான். இரும்புக் கம்பியால் டயர்களைத் தட்டிக்கொண்டு பின்னால் நடந்தான்.

முதல் பெட்டி. இரண்டாவது. மூன்றாவது.

புழுதி அடங்கியது.

வெள்ளைக் கார். மூன்றாம் பெட்டியோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தது. முன்மூடி திறந்திருந்தது. இருக்கையில் காலித் தண்ணீர் பாட்டில்கள். ஆள் இல்லை.

முன்னால், அவனுடைய லாரியின் கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

பிரேக் காற்று சீறியது. கியர் விழுந்தது.

"நில்லு! தண்ணி, ரேடியோ எல்லாம் உள்ள இருக்கு! ஐயா, நில்லுப்பா! தெரியாமப் பண்ணிட்டேன்!"

ஓடினான். சங்கிலி கழன்று மண்ணில் விழுந்தது. கார் அங்கேயே நின்றது. மூன்று பெட்டிகளும் நகர்ந்தன. இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான்.

ஓட்டுநர் சன்னலிலிருந்து ஒரு கை வெளியே நீண்டது. வெயிலில் வெந்து கருத்த கை. நிதானமாக, மரியாதையாக, ஒற்றை விரலை உயர்த்தியது.